அடுப்படி வரை வராத வைஃபை

"தம்பி, ஆறு கொம்பு வச்ச பெட்டி வாங்கிப் போட்டாச்சு. இன்னமும் அடுப்படியில பேரன் முகம் பாதியில அப்படியே நின்னுபோகுது. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க."

காரைக்குடிக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஓர் ஆச்சி போன ஆனி மாதம் போனில் சொன்னது இது. மகன் குடும்பம் சிங்கப்பூரில். பேரன் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரத்தில் ஆச்சி அடுப்படியில் இருப்பார். இருவரும் பேசிக்கொள்ளத் தோதான நேரம் அந்த அரைமணிதான். அந்த நேரத்தில்தான் படம் நின்றுபோகும், வட்டம் சுற்றும், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்து அறுந்துவிடும்.

நான் 1998-இல் கேபிள் டிவிக்கு ஒயர் இழுக்க ஏணி ஏறியவன். இப்போது வீட்டுக்கு வீடு ஃபைபர் கொடுக்கிறேன். வாரத்தில் நாலைந்து பேராவது "வைஃபை எடுக்கல" என்று கூப்பிடுகிறார்கள். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் லைனில் குறை இருக்காது. மாதப் பணம் கட்டிய 100 மெகாபிட்டும் பெட்டி வரைக்கும் முழுசாக வந்திருக்கும். பெட்டிக்கும் போனுக்கும் நடுவில்தான் அது காணாமல் போயிருக்கும். அதனால் எந்த வீட்டுக்குப் போனாலும் என் முதல் வேலை ஒன்றுதான்: பெட்டியில் லேன் ஒயரைச் செருகி, லேப்டாப்பில் ஸ்பீடு பார்ப்பது. ஒயரில் சரியாக வந்து, அறையில் வரவில்லை என்றால் கம்பெனிக்கு போன் போட்டுச் சண்டை பிடிப்பதில் பலனில்லை. சரிசெய்ய வேண்டியது வீட்டுக்குள்.

ஆச்சியின் வீடு தெருவுக்குத் தெரு நீண்ட வீடு. முகப்பு, பட்டாசாலை, வளவு என்கிற திறந்த முற்றம், இரண்டாம் கட்டு, அதற்குப் பிறகு அடுப்படி, பின்கட்டு. முன்வாசலில் நின்றால் பின்வாசல் வெளிச்சம் சின்னச் சதுரமாகத் தெரியும். சுவர்கள் ஒன்றரை அடி கனம், செங்கலும் சுண்ணாம்பும். இணைப்புக் கொடுத்தவர்கள் தெருவிலிருந்து ஒயரைக் கொண்டுவந்து, முகப்பில் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் பெட்டியை மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். ஆச்சி வாங்கிய ஆறு கொம்புப் பெட்டியும் அதே ஆணிக்குக் கீழே, ஒரு மர அலமாரிக்குள் இருந்தது. விற்ற கடைக்காரர் "இது மூணு மாடிக்கு எடுக்கும்" என்று சொல்லியிருக்கிறார்.

போனில் சிக்னல் அளக்கும் ஆப் ஒன்றைத் திறந்துகொண்டு நடக்க ஆரம்பித்தேன். ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவர்கள் யாரும் இதைச் செய்யலாம். 'வைஃபை அனலைசர்' என்று தேடினால் இலவசமாகவே கிடைக்கும். அதில் சிக்னல் மைனஸ் எண்ணாகத் தெரியும். டிபிஎம் என்பார்கள். மைனஸ் 40 என்றால் பெட்டி பக்கத்திலேயே இருக்கிறது என்று பொருள். மைனஸ் 67 வரைக்கும் வீடியோ கால் தடங்கலில்லாமல் ஓடும். 75-ஐத் தாண்டினால் திக்கும். 85-க்கு மேல் போனால் கோடு தெரியும், வேலை நடக்காது. முகப்பில் மைனஸ் 38. பட்டாசாலையில் 55. வளவில் 66. இரண்டாம் கட்டில் 79. அடுப்படியில் 88.

இந்த எண்களில் ஒரு விஷயம் இருக்கிறது. பத்துப் பத்தாகக் குறையும்போது சிக்னல் பத்து விழுக்காடு குறைவதில்லை, பத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. 38-க்கும் 88-க்கும் இடையே ஐந்து பத்துகள். ஆக, முகப்பில் கிடைக்கும் சக்தியில் லட்சத்தில் ஒரு பங்குதான் அடுப்படிக்குப் போய்ச் சேருகிறது. போனில் தெரியும் நாலு கோடு, மூணு கோடு என்ற கணக்கு இதைக் காட்டாது. அதனால்தான் கோட்டை நம்ப வேண்டாம், எண்ணைப் பாருங்கள் என்கிறேன்.

எங்கே போகிறது அந்தச் சிக்னல்? வைஃபை அலையும் விளக்கு வெளிச்சமும் ஒரே குடும்பம். இரண்டுமே மின்காந்த அலை. முகப்பில் ஒரு விளக்கை ஏற்றி வைத்துவிட்டு, அடுப்படியில் ஏன் இருட்டாக இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. வெளிச்சத்தைச் சுவர் முழுசாகத் தடுக்கிறது. வைஃபையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. மரக்கதவு சிறிது தின்னும், செங்கல் சுவர் அதைவிட அதிகம், உள்ளே கம்பி கட்டிய கான்கிரீட் தளம் இன்னும் அதிகம். இரும்பு விடவே விடாது, வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும். பீரோ, ஃபிரிட்ஜ், பின்னால் உலோகப் பூச்சுள்ள நிலைக்கண்ணாடி எல்லாம் இதே வகை. தண்ணீரும் அலையை உறிஞ்சும். மீன் தொட்டிக்குப் பின்னால் பெட்டியை வைத்துவிட்டு, படுக்கையறையில் எடுக்கவில்லை என்று வருத்தப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆச்சி வீட்டில் 66 எப்படி ஒரேயடியாக 79 ஆனது என்பது எனக்கு முதலில் புரியவில்லை. நடுவில் ஒரு சுவர்தானே என்று நினைத்தேன். வளவை ஒட்டிய அறையைத் திறந்து காட்டச் சொன்னேன். உள்ளே தரையிலிருந்து உத்தரம் வரை பாத்திரங்கள். ஆச்சிக்கும் அவர் மாமியாருக்கும் சீராக வந்த பித்தளை அண்டாக்கள், எவர்சில்வர் தூக்குகள், அடுக்குகள், ஒன்றுக்குள் ஒன்றாக, எடுத்துப் புழங்காவிட்டாலும் பளபளவென்று. முகப்பிலிருந்து அடுப்படிக்கு நேர்கோடு போட்டால் அது அந்த அறையின் நடுவே போகிறது. இரண்டு தலைமுறைப் பித்தளையைத் தாண்டித்தான் பேரன் முகம் வந்தாக வேண்டும். பாத்திரங்களை நகர்த்தச் சொல்ல எனக்கு மனமும் இல்லை, அவசியமும் இல்லை. பெட்டியைத்தான் நகர்த்த வேண்டும்.

அதற்கு முன் அந்த ஆறு கொம்பைப் பற்றி. கொம்பு கூடினால் தூரம் கூடும் என்று பலரும் நம்பிப் பணம் கொடுக்கிறார்கள். ஒரு ரவுட்டர் எவ்வளவு சக்தியை வெளியே விடலாம் என்பதற்குச் சட்டத்தில் வரம்பு இருக்கிறது. இரண்டு கொம்புப் பெட்டிக்கும் எட்டுக் கொம்புப் பெட்டிக்கும் அந்த வரம்பு உண்டு. கூடுதல் கொம்புகளால் ஒரே நேரத்தில் பல தாரைகளாகத் தகவல் அனுப்பலாம், பல போன்களைச் சமாளிக்கலாம். அது நல்ல விஷயம்தான். ஆனால் ஒன்றரை அடிச் சுவரை அது ஒன்றும் செய்யாது. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. வைஃபை ஒருவழிப் பேச்சு இல்லை. பெட்டி எவ்வளவு உரக்கக் கத்தினாலும் போன் பதில் சொல்ல வேண்டும். போனுக்குள் இருக்கும் ஆன்டெனா சிறியது, பேட்டரியும் சிறியது. அதன் மெல்லிய குரல் பெட்டிக்குக் கேட்காவிட்டால் கோடு முழுசாக இருந்தும் பக்கம் திறக்காது.

கொம்பை எப்படி நிறுத்துவது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. நிமிர்த்தி வைத்த கொம்பிலிருந்து அலை சுற்றிலும் பக்கவாட்டில் பரவும், உளுந்து வடையின் நடுவே குச்சியைச் செருகியதுபோல. குச்சியின் நுனி நோக்கி, அதாவது நேர் மேலேயும் கீழேயும், மிகக் குறைவாகவே போகும். ஒரே தளத்து வீடு என்றால் எல்லாக் கொம்பும் நிமிர்ந்தே இருக்கட்டும். மாடிக்கும் வேண்டுமென்றால் ஒன்றைப் படுக்கை வசமாகச் சாய்த்துப் பாருங்கள். காசு செலவில்லாத வேலை.

நாங்கள் செய்தது இதுதான். முகப்புக்கு வந்த ஃபைபரை வளவு வரைக்கும் நீட்டினோம். ஃபைபரைச் சாதாரண ஒயர் மாதிரி முறுக்கி ஒட்ட முடியாது. மேல் உறையை உரித்து, உள்ளே இருக்கும் கண்ணாடி இழையை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, நேராக வெட்டி, ஸ்ப்ளைஸ் மெஷினில் இரண்டு நுனியையும் எதிரெதிரே வைக்க வேண்டும். இழை தலைமுடிப் பருமன்தான். மெஷின் திரையில் அது இரண்டு தடித்த குழாய் போலத் தெரியும். பட்டனைத் தட்டினால் ஒரு மின்பொறி. இரண்டு கண்ணாடியும் உருகி ஒன்றாகிவிடும். பத்து விநாடி வேலை. ஆச்சி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு இதைப் பார்த்தார். "வளையல் ஒட்டுற மாதிரி இருக்கு" என்றார். சரியான ஒப்புமை, அதுவும் கண்ணாடிதான். கண்ணாடி என்பதால்தான் ஃபைபரை மடக்கி ஆணி அடிக்கக் கூடாது என்று எல்லா வீட்டிலும் சொல்கிறேன். கூர்மையாக வளைந்தால் உள்ளே போகும் ஒளி வெளியே கசிந்துவிடும், பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும்.

பெட்டியை வளவின் தாழ்வாரத்தில், மழைச் சாரல் படாத தூண் ஓரமாக ஏழடி உயரத்தில் மாட்டினோம். அலமாரிக்குள் வைக்கவில்லை. திறந்த வளவு அலைக்கு நல்ல வழி; நடுவில் சுவரே இல்லை. பட்டாசாலையும் இரண்டாம் கட்டும் அந்த ஒரு நகர்த்தலிலேயே சரியாகிவிட்டன. உங்கள் வீட்டில் ஒரே ஒரு காரியம்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்: பெட்டியை வீட்டின் நடுவுக்கு, ஆள் உயரத்துக்கு மேல், திறந்த இடத்துக்குக் கொண்டுவாருங்கள். எந்தப் புதுப் பெட்டியும் இதற்கு ஈடாகாது.

அடுப்படி மட்டும் மிச்சம். அங்கே 76. முன்பைவிடத் தேவலை, ஆனால் போதாது. இங்கேதான் பலர் ரிப்பீட்டர் வாங்குவார்கள். சுவரில் பிளக்கில் செருகும் சின்னப் பெட்டி. வாங்கியவர்கள் அதைச் சிக்னல் வராத அறையிலேயே செருகிவிடுவார்கள். சிக்னலே எட்டாத இடத்தில் அது எதை வாங்கி எதைத் திருப்பிச் சொல்லும்? பெட்டிக்கும் அந்த அறைக்கும் நடுவழியில், 65 அளவுக்காவது சிக்னல் இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும். அப்படி வைத்தாலும் ஒரே அலைவரிசையில் கேட்டு அதிலேயே திருப்பிச் சொல்லும் மலிவு ரிப்பீட்டரில் வேகம் பாதியாகிவிடும். ஒருவர் சொல்வதைக் கேட்டு முடித்துத்தானே இன்னொருவரிடம் சொல்ல முடியும். வாடகை வீடு, சுவரைத் தொட முடியாது என்பவர்களுக்கு அது பரவாயில்லை. சொந்த வீட்டில் ஒயர்தான் சரி. வயரில்லா இணையத்துக்கு ஒயர் இழுப்பதா என்று கேட்பார்கள். இத்தனை வருஷத்தில் நான் கண்ட ஒரே நிரந்தரத் தீர்வு அதுதான்.

ஆச்சி வீட்டில் வளவிலிருந்து அடுப்படிக்கு உத்தரத்தை ஒட்டியே கேசிங் பட்டிக்குள் லேன் ஒயர் போனது, சுவரில் ஒரு துளையும் புதிதாகப் போடாமல். லேன் ஒயர் 100 மீட்டர் வரை தாங்கும். எந்த வீட்டுக்கும் அது போதும். வாங்கும்போது மட்டும் கவனம் வேண்டும். கேட் 5இ, கேட் 6 என்று எழுதியிருந்தாலும் உள்ளே அலுமினியத்தின் மேல் செம்பு முலாம் பூசிய ஒயர் சந்தையில் நிறைய இருக்கிறது. பேனாக்கத்தியால் ஒரு நூலைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் வேண்டாம். எட்டு நூலையும் கிரிம்ப் செய்தார்களா என்றும் பார்க்க வேண்டும். நாலு நூலோடு நிறுத்தினால் 100 மெகாபிட்டுக்கு மேல் போகாது.

அடுப்படிக்குப் புதுப் பெட்டி எதற்கு? ஆறு கொம்புப் பெட்டியே இருக்கிறதே. உங்கள் வீட்டுப் பரணிலும் பழைய ரவுட்டர் ஒன்று கிடக்கும். அதன் அமைப்புப் பக்கத்தில் 'அக்சஸ் பாயின்ட்' என்று ஒரு தெரிவு இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். இல்லையென்றால் மூன்று வேலை. டிஹெச்சிபி என்பதை அணைக்க வேண்டும். வீட்டில் எண் கொடுக்கும் வேலையை ஒரு பெட்டிதான் பார்க்க வேண்டும், இரண்டும் கொடுத்தால் குழப்பம். அதன் முகவரி முதல் பெட்டியின் முகவரியாக இருக்கக் கூடாது, அது 192.168.1.1 என்றால் இதை 192.168.1.2 ஆக்குங்கள். ஒயரை வேன் துளையில் செருகாமல் லேன் துளையில் செருகுங்கள். இரண்டு பெட்டிக்கும் ஒரே பெயரும் ஒரே பாஸ்வேர்டும் வைத்தால் போன் தானே மாறிக்கொள்ளும். சில போன்கள் பழைய பெட்டியையே விடாப்பிடியாகப் பிடித்திருக்கும். வைஃபையை ஒருமுறை அணைத்துப் போட்டால் பக்கத்துப் பெட்டிக்கு வந்துவிடும். இந்த மாற்றத்தைச் சுலபமாக்கி, இரண்டு மூன்று பெட்டிகளைச் சேர்த்து விற்பதைத்தான் மெஷ் என்கிறார்கள். நல்ல ஏற்பாடு, ஆனால் அந்தப் பெட்டிகளுக்கு இடையிலும் ஒயர் கொடுத்தால்தான் முழுப் பலன்.

மாலை நாலரைக்கு அடுப்படியில் மைனஸ் 47. ஆச்சி அடுப்பை அணைத்துவிட்டு போனை ஊறுகாய் ஜாடிமேல் சாய்த்து வைத்தார். சிங்கப்பூரில் அப்போது ஏழு மணி. பேரன் நோட்டைத் தூக்கிக் காட்டி எதையோ வாசித்தான், கடைசி வரி வரைக்கும். நான் கருவிகளைப் பையில் எடுத்து வைக்கும்வரை பேச்சு அறவில்லை.

அடுக்குமாடி வீடுகளில் கதை வேறு. என் மகள் திருச்சியில் ஒரு குடியிருப்பில் இருக்கிறாள். இரண்டு அறை வீடு, சுவர் ஒரு பிரச்சினையே இல்லை. அளந்தால் எந்த அறையிலும் 50-ஐத் தாண்டவில்லை. ஆனாலும் இரவு எட்டு மணிக்குமேல் படம் ஓடாது. ஆப்பைத் திறந்தால் அக்கம்பக்கத்து வைஃபை இருபத்திரண்டு வரிசை கட்டி நின்றன. எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸில். இந்த அலைவரிசையை இந்தியாவில் 2005-இல் லைசென்ஸ் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டார்கள். அதில் ஒன்றோடொன்று மோதாத பாதைகள் மூன்றுதான்: 1, 6, 11. காலியாக இருக்கிறதே என்று 3-லோ 4-லோ வைத்தால் இரண்டு பக்கத்துக்கும் இடைஞ்சல். மைக்ரோவேவ் அடுப்பும் இதே அலைவரிசையை ஒட்டித்தான் இயங்குகிறது. அது ஓடும்போது வைஃபை தடுமாறினால் ஆச்சரியப்பட வேண்டாம்.

மகளுக்கு நான் சொன்ன வழி 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுவது. 2018 அக்டோபரில் அதில் 605 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு இங்கே திறந்துவிடப்பட்டது; 2.4-இல் இருப்பதோ 83.5 மட்டும். சந்துக்கும் நாலுவழிச் சாலைக்கும் உள்ள வித்தியாசம். வேகமும் அதிகம். ஆனால் 5 சுவரில் சீக்கிரம் சோர்ந்துவிடும். ஆகவே போன், டிவி, லேப்டாப் 5-இல்; தூரத்து சிசிடிவி, ஸ்மார்ட் பல்பு 2.4-இல். அந்தப் பல்புகளில் பலவற்றுக்கு 5 தெரியவே தெரியாது.

வைஃபை இருக்கிறது, வீட்டுக்குள் போன் டவர்தான் கிடைக்கவில்லை என்று சொல்பவர்களும் உண்டு. புதுத் தளம் போட்ட வீடுகளில் வாசலுக்கு ஓடிவந்து பேசுவார்கள். அவர்களுக்கு வைஃபையே போதும். 2019 டிசம்பரில் ஏர்டெல்லும் 2020 ஜனவரியில் ஜியோவும் வைஃபை காலிங்கை இங்கே தொடங்கின. போனின் சிம் அமைப்புகளில் அதை ஒருமுறை இயக்கிவிட்டால் சாதாரண அழைப்பே வைஃபை வழியாக வரும், போகும். கூடுதல் கட்டணம் கிடையாது. இதை விட்டுவிட்டு ஆன்லைனில் சிக்னல் பூஸ்டர் வாங்கி மாடியில் மாட்டுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அனுமதியில்லாமல் அதை வைத்திருப்பதே சட்டப்படி குற்றம். உங்கள் வீட்டில் நாலு கோடு ஏறலாம். அது கிளப்பும் இரைச்சலில் தெருவில் மற்றவர்களின் அழைப்புகள் அறுந்துபோகும், ஆம்புலன்சுக்குக் கூப்பிடுபவரின் அழைப்பு உட்பட.

பெட்டியை வளவில் மாட்டும்போது ஆச்சி ஒன்று கேட்டார்: "தலைக்கு மேல இருந்தா உடம்புக்கு ஆகாதாமே?" வீட்டு வைஃபை பெட்டி 2.4-இல் விடும் சக்தி பொதுவாக வாட்டில் பத்தில் ஒரு பங்குதான். காதோடு ஒட்டிப் பேசும் போன் அதைவிட நெருக்கத்தில் இருக்கிறது. பயப்பட வேண்டியதில்லை என்று சொன்னேன்.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கரன்ட் ஒயருக்குக் குழாய் பதிக்கும்போதே எலெக்ட்ரீஷியனிடம் சொல்லி, தெருவோரத்து நுழைவிடத்திலிருந்து ஒவ்வொரு தளத்தின் நடுப்பகுதிக்கும் முக்கால் அங்குலக் குழாய் ஒன்று தனியாகப் போடச் சொல்லுங்கள். கரன்ட் ஒயரும் இணைய ஒயரும் ஒரே குழாயில் போகக் கூடாது. திருப்பங்களில் கூர்மையான முழங்கை வேண்டாம், நீண்ட வளைவு போடட்டும். உள்ளே ஒரு கட்டுக்கம்பியை விட்டுவைத்தால் பிறகு எந்த ஒயரையும் இழுத்துக்கொள்ளலாம். குழாய் முடியும் இடத்தில் ஏழடி உயரத்தில் ஒரு பிளக் பாயின்ட் வேண்டும், அது இன்வெர்ட்டர் லைனில் இருக்கட்டும். கரன்ட் போனாலும் பெட்டி அணையாது. பூச்சு வேலைக்கு முன்னால் இது ஒரு நாள் வேலை. பூச்சு முடிந்த பிறகு சுவரை வெட்ட வேண்டியிருக்கும்.